ஆசிரியரும் இணையக் கருவிகளும்

சென்ற திங்கள் ஒரு மாலைப்பொழுதில் என் பழைய மாணவி ஒருத்தி என் இல்லத்திற்கு வந்திருந்தாள். அவள் இப்பொழுது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. நலம் விசாரித்து முடிந்ததும் தன் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து என் முன் வைத்தாள். அதிலே முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. மாணவர் வருகைப் பட்டியலோ என்று எண்ணிக் கண்ணாடியை அணிந்து பார்த்தேன். அவை அனைத்தும் வகுப்பறையிலும் பள்ளி அலுவலிலும் பயன்படுத்தலாம் என்று பலர் பலவிடத்துப் பரிந்துரைத்த இணையக் கருவிகளின் பெயர்கள்.

“ஐயா, இவற்றுள் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பழகத் தொடங்கினால் பாடம் நடத்த நேரம் இல்லை. ஒன்றையும் பழகாவிட்டாலோ, காலத்திற்குப் பின்தங்கியவள் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள்.

இன்று எத்தனையோ ஆசிரியர்களின் உள்ளத்தில் இருக்கும் வினா இது. அவளுக்கு அன்று நான் கூறிய விடையையே சற்று விரித்து இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

கருவி என்பது பள்ளிக்குப் புதியதன்று. மணலில் விரல் கொண்டு எழுதிய காலமும், ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய காலமும் இருந்தன. பின்னர்க் கற்பலகை வந்தது, கரும்பலகை வந்தது, நிலப்படமும் உலக உருண்டையும் வந்தன. நான் சிறுவனாய்ப் பயின்ற பள்ளிக்கு ஒரு வானொலிப் பெட்டி வந்திருந்தது. வானொலி நிலையத்தார் பள்ளிகளுக்கென்றே நல்ல பாடங்களை ஒலிபரப்பி வந்தனர். ஆயினும் அந்தப் பெட்டியின் குரலை நாங்கள் கேட்டது மிகச் சிலமுறையே. அது தலைமையாசிரியர் அறையில் அலமாரிக்குள் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தது. ஆண்டாய்வுக்கு அதிகாரி வரும் நாளில் மட்டும் தூசி துடைத்து மேசைமேல் வைப்பார்கள்.

1975-76-ஆம் ஆண்டுகளில் செயற்கைக்கோளின் வாயிலாக ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியைக் கொண்டு சென்ற பெருஞ்சோதனை நம் நாட்டிலே நிகழ்ந்தது. 1984-இல் பள்ளிகளுக்குக் கணினியை அறிமுகம் செய்யும் நடுவணரசின் திட்டம் தொடங்கிற்று. ஒவ்வொரு முறையும், ‘இனிக் கல்வி அடியோடு மாறிவிடும்’ என்று கூறினார்கள். மாறிய இடங்களும் உண்டு. மாறாத இடங்களே மிகுதி. எங்கே ஆசிரியர் அக்கருவியைத் தம் கையிலே எடுத்தாரோ அங்கே மாறிற்று. எங்கே அது பூட்டுக்குள் இருந்ததோ அங்கே மாறவில்லை.

பிறரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. நானே தலைமையாசிரியரானபொழுது, எங்கள் பள்ளிக்கு வந்த கணினிகளின் அறைக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பூட்டுப் போட்டேன். காணாமற்போனால் பொறுப்பு யாருடையது என்ற அச்சம். அலமாரியில் பூட்டிய வானொலிப் பெட்டியைக் கண்டு சிறுவயதில் நகைத்தவனே, முப்பது ஆண்டுகட்குப் பின் அதே பூட்டைக் கையில் எடுத்தேன். ஆகவே, கருவியைப் பற்றிய முதற்பாடம் இதுவே: வாங்குதல் வேறு, வழங்குதல் வேறு.

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், நல்லாசிரியனுக்கு உவமையாகச் சொன்ன பொருள்களுள் துலாக்கோலும் ஒன்று. ஐயம் வந்தவிடத்து ஒருபாற் கோடாது நிறுத்துக் காட்டும் இயல்பு ஆசிரியனுக்கு வேண்டும் என்பது கருத்து. இணையக் கருவிகளைப் பொறுத்தவரை இந்த இயல்பே இன்று நமக்குப் பெரிதும் வேண்டப்படுகின்றது. புதியது என்பதனால் ஏற்பதும் பிழை. புதியது என்பதனால் இகழ்வதும் பிழை. தட்டில் இட்டு நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலில், நன்மையின் பக்கத்தைப் பார்ப்போம்.

கணிதத்திற்கு ஜியோஜீப்ரா என்றொரு மென்பொருள் உண்டு. ஆஸ்திரிய நாட்டு அறிஞர் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001-ஆம் ஆண்டு, தாம் பல்கலைக்கழகத்தில் பயின்றபொழுது இதனை உருவாக்கத் தொடங்கினார். ஒரு முக்கோணத்தின் மூன்று நடுக்கோடுகளும் ஒரே புள்ளியிற் சந்திக்கும். அப்புள்ளி ஒவ்வொரு நடுக்கோட்டையும் இரண்டுக்கு ஒன்று என்னும் விகிதத்திற் பிரிக்கும். இதனைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகின்றோம். நாம் வரைவது ஒரே ஒரு முக்கோணம். இந்தக் கருவியிலோ, முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அதன் வடிவம் மாறிக்கொண்டே செல்லும். ஆயினும், நடுக்கோடுகள் மூன்றும் ஒரு புள்ளியில் சந்திப்பது மட்டும் மாறாது. நூறு முக்கோணங்களை ஒரு நிமிடத்தில் மாணவன் தன் கண்ணாற் காண்கின்றான். கரும்பலகையால் இயலாத செயல் இது.

ஆனால் என் மாணவி ஒரு செய்தி சொன்னாள். அவள் இதனைத் திரையிற் காட்டி முடித்து, “இனி இதனை நிறுவுவோம்” என்றாளாம். உடனே ஒரு சிறுவன் எழுந்து, “அதுதான் பார்த்துவிட்டோமே, டீச்சர்! இன்னும் எதற்கு நிறுவ வேண்டும்?” என்று கேட்டானாம். இந்த வினாவுக்கு விடை சொல்லும் இடத்திலேதான் ஆசிரியர் வேண்டப்படுகின்றார். நூறு முக்கோணங்களிற் கண்டது நூற்றோராவதிலும் நிகழும் என்பதற்குக் கண் சான்றாகாது, அறிவே சான்று. கருவி காட்டும், நிறுவாது. இந்த வேறுபாட்டை மாணவன் உணர்ந்துவிட்டால் அந்த நாளின் பாடம் வென்றுவிட்டது. உணராமற் போனாலோ, கருவி கணிதத்தை வெறும் வேடிக்கையாக்கிவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

அறிவியலுக்குப் பெட் என்னும் தொகுதி உண்டு. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் என்னும் பேரறிஞர் 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்திலே இதனைத் தோற்றுவித்தார். மின்சுற்று, அலை, அணு அமைப்பு முதலியவற்றைத் திரையிலே மாணவரே இயக்கிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாத பள்ளியிலும் பயன்படும். எனினும், நான் ஒன்று சொல்வேன். மின்கலம், கம்பி, சிறு விளக்கு ஆகிய மூன்றையும் மாணவன் கையிலே கொடுத்து, அவன் தடுமாறி, விளக்கு எரியாமற்போய், பின் எரிந்து, முகம் மலர்ந்த பிறகே திரையைக் காட்டுங்கள். திரையிலே கம்பி துருப்பிடிப்பதில்லை; இணைப்பு தளர்வதில்லை. உலகிலே இரண்டும் நிகழும்.

வானியலுக்கு ஸ்டெல்லேரியம் என்னும் கருவி, வான்மண்டபத்தையே வகுப்பறைக்குக் கொண்டு வருகின்றது. 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் வளையச் சூரிய கிரகணம் ஒன்று நிகழ்ந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். கோயம்புத்தூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் சூரியன் பொன்வளையம்போல் தோன்றிற்று. ஆனால் அன்று எத்தனை குழந்தைகளைக் கதவைச் சாத்தி உள்ளே வைத்திருந்தோம்! இந்தக் கருவியிலே அந்த நாளையும் அந்த ஊரையும் குறித்து, அக்காட்சியை மீண்டும் வருவித்துக் காட்டலாம். இழந்த காட்சியை ஈடு செய்யும் வாய்ப்பு முன்னைத் தலைமுறை ஆசிரியர்களுக்கு இருந்ததில்லை.

மொழிப் பாடத்திற்கோ, நூலகமே நம் வாயிலில் வந்து நிற்கின்றது. கடல் கடந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் என்னும் அறிவியலாளர் முன்னின்று, 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழ் அன்பர்கள் ஊதியம் பெறாது தட்டெழுதியும் பிழை திருத்தியும் பழந்தமிழ் நூல்களை அதில் ஏற்றினர். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றிற்று. 2005-இல் ஈழத்து நூல்களைக் காக்கும் நோக்குடன் ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் தொடங்கப்பெற்றது. சிற்றூர்ப் பள்ளியின் நூலக அலமாரியில் இருநூறு நூல்களே இருக்கலாம். ஆயின், அப்பள்ளித் தமிழாசிரியர் இன்று ஒரு பழைய நூலின் பதிப்பைத் தேடி மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து ஏற வேண்டுவதில்லை.

விக்கிப்பீடியாவைப் பற்றி ஒரு சொல். அது யாரும் எழுதக்கூடியது. ஆதலின் பிழை இருக்கக்கூடும் என்று சிலர் அதனை விலக்குகின்றனர். அந்தப் பிழையையே பாடமாக்கலாமே! ஒரு கட்டுரையைக் கொடுத்து, ‘இதில் எந்தச் செய்திக்குச் சான்று காட்டப்பட்டுள்ளது, எதற்குக் காட்டப்படவில்லை?’ என்று தேடச் சொல்லுங்கள். சான்று கேட்கப் பழகிய மாணவன், வாழ்நாள் முழுதும் வதந்திக்கு எளிதில் இரையாக மாட்டான்.

இனித் துலாக்கோலின் மற்றொரு தட்டைக் காண்போம். இதற்கு என் பிழை ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கூறுதல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. நான் ஓய்வு பெறுவதற்குச் சிறிது காலமே இருந்தது. பாடம் தடைப்படலாகாது என்ற ஆர்வத்தில், வகுப்புக்கு ஒன்றாக வாட்சப் குழுக்களை அமைக்கச் செய்தேன். பாடக் குறிப்புகள் அதில் வரும். மாணவர் விடை எழுதிப் படம் எடுத்து அனுப்புதல் வேண்டும். அனுப்பியோர் பெயர் பதிவேட்டில் ஏறும். எல்லாம் ஒழுங்காக நடைபெறுவதாகவே எண்ணிப் பெருமைப்பட்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண், மூன்று வாரங்களாக ஒரு விடையும் அனுப்பவில்லை. நன்றாகப் படிக்கும் பெண். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே, ‘ஆர்வம் குறைவு’ என்று என் கையாலேயே எழுதினேன். பின்னர் அவள் வகுப்பாசிரியர், ஊரடங்கு தளர்ந்த ஒரு நாள் அவள் வீட்டிற்குச் சென்று வந்தார். அவ்வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது சரக்கு வண்டி ஓட்டும் தந்தையாரின் சட்டைப் பையில் ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தது. அவர் வீடு திரும்புவது இரவு பத்து மணிக்கு. அதன்பின் அந்தப் பெண் உட்கார்ந்து, திரையில் உள்ளவற்றையெல்லாம் குறிப்பேட்டில் பார்த்து எழுதுவாள். விடைகளையும் எழுதி வைத்திருந்தாள். படம் எடுத்து அனுப்புவதற்குத்தான் மாதக் கட்டணத்தில் மிச்சம் இல்லை. அந்தக் குறிப்பேட்டை வகுப்பாசிரியர் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். எழுபது பக்கங்கள் இருக்கும். ஒரு நாளும் விடுபடவில்லை.

பதிவேட்டில் நான் எழுதிய இரு சொற்களையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையொப்பமிட்டேன். முப்பத்தைந்து ஆண்டுக் காலப் பணியில் நான் நாணிக் கையொப்பமிட்டது அந்த ஒரு முறைதான். மறுவாரம் முதல் பாடக் குறிப்புகளைத் தாளில் அச்சிட்டு, வாரந்தோறும் ஊருக்கு ஓரிடத்தில் வைத்து வழங்கினோம். விடைத்தாள்களையும் அவ்வாறே திரும்பப் பெற்றோம்.

கருவி எதைக் காட்டவில்லை என்பதையும் ஆசிரியர் காணுதல் வேண்டும் என்பதை அன்று கற்றேன். குழுவிலே விடை வரவில்லை என்பதை மட்டுமே கருவி சொல்லிற்று. ஏன் வரவில்லை என்பதை ஒரு மனிதர் நடந்து சென்று அறிய நேர்ந்தது. அக்காலத்திலே, 2019-இல் தொடங்கப்பெற்றிருந்த கல்வித் தொலைக்காட்சி பல வீடுகளை எட்டியதற்கும், 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் தன்னார்வலர் மாலைதோறும் குழந்தைகளைக் கூட்டி அமர்த்திக் கற்பித்ததற்கும் உரிய சிறப்பு இதுவே. அவை கடைசிப் பிள்ளையை நோக்கிச் சென்றன.

ஆகவே, என் மாணவியின் குறிப்பேட்டில் இருந்த முப்பது பெயர்களையும் நிறுப்பதற்கு ஐந்து வினாக்களை அவளுக்குச் சொன்னேன். அவற்றை உங்களுக்கும் சொல்கின்றேன்.

முதல் வினா: இந்தக் கருவி, சுண்ணக்கட்டியால் இயலாத எதைச் செய்கின்றது? கரும்பலகையில் எழுதக்கூடியதையே திரையில் எழுதிக் காட்டுவதானால் அதற்கு மின்சாரம் செலவழிப்பானேன்?

இரண்டாம் வினா: வகுப்பின் கடைசிப் பிள்ளைக்கு இது எட்டுமா? வீட்டிற் கைப்பேசி இல்லாத பிள்ளை, இணைப்பு அறுந்துபோகும் ஊர், கண்பார்வை குறைந்த மாணவன் ஆகிய மூவரையும் நினைத்து விடை கூறுதல் வேண்டும். வகுப்பறையில் ஆசிரியர் ஒருவரே இயக்கி அனைவரும் காணும் கருவி, வீட்டில் ஒவ்வொருவரும் இயக்க வேண்டிய கருவியைவிட நம் பள்ளிகளுக்கு ஏற்றது.

மூன்றாம் வினா: இது குழந்தையிடமிருந்து எதனைப் பெறுகின்றது? பெயர், பிறந்த நாள், ஒளிப்படம், பெற்றோர் கைப்பேசி எண் என்று கேட்கும் கருவிகள் பல. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நம் நாட்டு எண்மத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கின்றது. குழந்தையைப் பற்றிய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் மெய்ப்பிக்கத்தக்க இசைவு வேண்டும் என்பதும், குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்தலாகாது என்பதும் அச்சட்டம் வகுத்த பொதுவிதிகள். முன்பின் அறியாத ஒருவர் பள்ளி வாயிலில் வந்து நின்று வருகைப் பதிவேட்டைக் கேட்டால் கொடுப்போமா? திரையின் வழியே கேட்டால் மட்டும் ஏன் கொடுக்கின்றோம்?

நான்காம் வினா: இக்கருவி நாளை மறைந்துவிட்டால் என் உழைப்பு என்னவாகும்? ஃபிளாஷ் என்னும் மென்பொருளை நம்பி உலகெங்கும் ஆசிரியர்கள் எத்தனையோ அசைபடப் பாடங்களைப் படைத்தனர். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளுடன் அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. அப்பாடங்களுட் பல இயங்காமற்போயின. ஆகவே, நீங்கள் உருவாக்கும் வினாத்தாளையும் பாடக் குறிப்பையும் எந்நேரமும் வெளியே எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள இயலுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் தட்டெழுதுவோர், ஒருங்குறியிலேயே எழுதுங்கள். 1999-ஆம் ஆண்டு சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் வழியே பிறந்த ‘தமிழ் 99’ விசைப்பலகையைப் பயில, நாள்தோறும் அரைமணி நேரமாக இரண்டு வாரம் செலவிட்டாற் போதும். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த பாடங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வெறும் குறிகளாய்த் தோன்றி நம்மை விழிக்க வைத்ததை மறத்தலாகாது.

ஐந்தாம் வினா: இது ஆசிரியரின் நேரத்தைச் சேமிக்கின்றதா, தின்கின்றதா? ஐம்பது மாணவரின் மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி காணும் கருவி, ஓர் இரவின் உழைப்பை ஒரு நொடியில் முடித்து விடுகின்றது, அதனைப் போற்றுவோம். ஆனால், பதிவேட்டில் ஒருமுறை, செயலியில் ஒருமுறை, மேலிடத்திற்கு அனுப்பும் படிவத்தில் ஒருமுறை என்று ஒரே வருகையை மும்முறை எழுதுவதானால், அந்தக் கருவி நமக்கு உதவவில்லை. நாம்தான் அதற்கு ஊழியம் செய்கின்றோம். தலைமையாசிரியர்கள் இதனை உரிய இடத்தில் எடுத்துரைக்கத் தயங்குதல் கூடாது. ஆசிரியரின் நேரம் மாணவரின் உடைமை.

இறுதியாக, இன்று அனைவரும் பேசும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் அவள் கேட்டாள். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், கட்டுரையையே எழுதித் தரும் கருவிகள் மாணவர் கைக்கு எட்டிவிட்டன. அவள் பள்ளித் தமிழாசிரியரிடம் ஒரு மாணவன், ‘எங்கள் ஊர்த் திருவிழா’ என்று ஒரு கட்டுரை கொணர்ந்தானாம். பிழை ஒன்றும் இல்லை, ஊரும் இல்லை. எந்தத் தெய்வம், எந்தத் தெரு, தேர் எந்த முனையில் திரும்பும் என்பவற்றுள் ஒன்றுமே அதில் இல்லை. அந்த ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, தேர் திரும்பும்போது நீ எங்கே நின்றிருந்தாய்? அதை மட்டும் எனக்கு எழுதிக் கொடு” என்றாராம். மறுநாள் அவன் பன்னிரண்டு வரிகள் எழுதி வந்தான். ஒன்பது பிழைகள். ஆனால் அவை அவனுடைய வரிகள். எந்தக் கருவிக்கும் தெரியாத வினாவைக் கேட்கும் ஆற்றல் ஆசிரியருக்கு உள்ளவரையில், அவர் கருவிக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

அன்பர்களே, ஒரு பருவத்திற்கு ஒரு கருவி போதும். அதனை வகுப்பில் காட்டுமுன் வீட்டிலே பலமுறை இயக்கிப் பாருங்கள். உடன் பணியாற்றும் ஒருவருக்குக் கற்பித்துவிடுங்கள். மின்சாரம் நின்றால் எப்படி நடத்துவது என்பதையும் பாடக் குறிப்பில் எழுதி வையுங்கள். பருவம் முடிந்ததும் மாணவரையே கேளுங்கள். அவர்கள் அறிந்தவாறு நமக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

என் மாணவி அந்த ஐந்து வினாக்களைக் குறித்துக்கொண்டு, தன் பட்டியலை என் எதிரிலேயே நிறுக்கத் தொடங்கினாள். முப்பதும் குறைந்து குறைந்து நான்காயின. அவற்றுள்ளும் இந்தப் பருவத்திற்கு ஒன்றை மட்டும் சுழித்துக்கொண்டு எழுந்தாள். வாயிற்படியில் நின்று, “ஐயா, உங்கள் கணினி அறைப் பூட்டு இப்பொழுது எங்கே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். ஓய்வு பெறும் நாளில் அதன் சாவியை அலமாரியில் வைக்காமல், அறிவியல் ஆசிரியரின் கையிலே கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னேன்.